ஏழு மூணு ரெண்டு, கேக்குதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி பதினேழாவது நிமிடத்தில் அவள் ஒரு மனிதரை வானத்திலிருந்து அப்புறப்படுத்தினாள். செய்தது சரி என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். மூன்று நாள் வரைக்கும் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வானம் என்றால் நிஜ வானம் இல்லை. கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து வைத்திருக்கும் வானம். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டும் விமானம் மற்றவர்களின் திரையிலும் பறக்கும். அத்தனை பேரும் ஒரே ஓடுபாதையில் இறங்க வந்தால் முட்டிக்கொள்ள மாட்டார்களா? அதனால் சிலர் ஓட்டாமல் உட்கார்ந்து வழி சொல்வார்கள். நீ இறங்கு, நீ பொறு, நீ ஒரு சுற்று சுற்றி வா. சம்பளம் கிடையாது. பரீட்சை மட்டும் உண்டு. அதில் தேறினால்தான் டவரில், அதாவது வழி சொல்கிற இடத்தில், உட்காரலாம். அவளுடைய டவர் அக்கா வீட்டின் பின்னறையில், இஸ்திரி மேசைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே போட்ட ஒரு நாற்காலி.

"வானத்துல டிராஃபிக் போலீஸ் வேலை. வாசல்ல கூரியர்காரன் கால் மணி நேரமா பெல் அடிக்கிறான், அதைக் கேக்க ஆளில்ல" என்பார் அத்தான்.

"விடுங்களேன். அவ வாயைத் திறக்கிற ஒரே இடம் அதுதான்" என்பாள் அக்கா.

அது உண்மை. வார நாட்களில் அவளுக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சிறு பாட்டில்களில் வரும். அவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டில்களோடு பேச வேண்டியதில்லை. ஒரு நாளில் மொத்தமாக இருபது வாக்கியம் பேசினால் அதிகம். ஆனால் ஹெட்போனை மாட்டி டவரில் உட்கார்ந்துவிட்டால் குரல் வேறாகிவிடும். சுருக்கமாக, தெளிவாக, தயக்கமே இல்லாமல் வரும். என்ன சொல்ல வேண்டும் என்பது புத்தகத்தில் எழுதியிருந்தது, அதைத்தான் சொன்னாள். அவள் கண்டிப்பைப் பார்த்து குழுவில் எல்லோரும் 'டவரம்மா' என்று கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயதுக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம்தான். அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெயரை முதலில் வைத்தவர் லிஃப்ட்காரர்.

அவர் நிஜத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாற்பத்தெட்டு வயது. ஏழு மூணு ரெண்டு என்பது வானத்தில் அவருடைய எண். வீட்டில் அவர் கட்டி வைத்திருந்த விமானி மேசையில் இருந்த பொத்தான்கள் எல்லாம் கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட்களிலிருந்து எடுத்தவை. சக்கரத்தை இறக்க 'தரைத்தளம்' பொத்தான். மைக்கில் பேசுவதற்குக் கதவைத் திறந்து பிடிக்கிற பொத்தான். அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை குரல் போகும், விட்டால் நின்றுவிடும். ஹெட்போன் போட மாட்டார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு போன் செய்தால் கேட்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பார்.

டவர் பரீட்சையில் முதல் தடவை அவள் தோற்றுப்போனபோது குழுவை விட்டே போய்விடலாம் என்றிருந்தாள். மறுநாள் காலை அவரிடமிருந்து செய்தி வந்தது. 'லீவு போட்டிருக்கேன். டவரைத் திறங்க.' காலியான விமான நிலையத்தில் அவர் ஒருவர் மட்டும் பதின்மூன்று முறை இறங்கி இறங்கி ஏறினார். அவள் பதின்மூன்று முறையும் அனுமதி கொடுத்துப் பழகினாள்.

"உங்களுக்கு அலுக்கலையா?" என்று கடைசியில் கேட்டாள்.

"நான் லிஃப்ட்காரன்மா. ஏறி இறங்கறதுதானே என் பொழப்பே" என்றார்.

அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. குழுவில் யாரும் யாரையும் அதிகம் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்ட நாள். மாதத்தில் ஒரு நாள் எல்லோரும் ஒரே விமான நிலையத்துக்குப் பறந்து வருவார்கள். மூன்று மணி நேரத்தில் நாற்பத்திரண்டு விமானங்கள். கூட்ட நாளில் டவரை அவளிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. தரையில் விமானங்களை நகர்த்துகிற வேலை பல் டாக்டருக்கு. நிஜமாகவே பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. தூரத்திலிருந்து வருகிறவர்களை வரிசைப்படுத்தி அவளிடம் அனுப்புவது ஹெட்மாஸ்டர். அது பட்டப்பெயர்தான், நிஜத்தில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். குழுவின் மேற்பார்வையாளரும் அவர்தான். யார் பெயரையும் வானத்திலிருந்து நீக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். விமானிகள் கேட்கிற அலைவரிசை தனி. இவர்கள் மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள உள்பேச்சு என்று இன்னொரு இணைப்பு உண்டு. அதை விமானிகள் கேட்க முடியாது.

மூன்று ஐந்துக்கு லிஃப்ட்காரர் அவள் அலைவரிசைக்கு வந்தார்.

"டவர், ஏழு மூணு ரெண்டு. மூவாயிரம் அடியில வந்துட்டிருக்கேன். வணக்கம்மா."

"ஏழு மூணு ரெண்டு, மூவாயிரத்துல தொடருங்க. உங்களுக்கு முன்னால ஏழு பேர்."

"ஏழு பேரா? ரேஷன் கடை மாதிரி இருக்கே. மூவாயிரத்துல தொடர்றேன், ஏழு மூணு ரெண்டு."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. ஒருவர் ஓடுபாதையிலேயே நின்றுவிட்டார், இன்னொருவர் இடது என்றால் வலது பக்கம் திரும்பினார். மூன்று பன்னிரண்டுக்கு அவருடைய முறை நெருங்கியது.

"ஏழு மூணு ரெண்டு, நீங்க இப்ப மூணாவது."

"மூணாவது, ஏழு மூணு ரெண்டு. டவரம்மா, கூட்டம் நெரியுதே, நடுவுல தண்ணி குடிச்சீங்களா?"

அலைவரிசையில் ஊர்க்கதை பேசக் கூடாது என்பது விதி. "காத்திருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நிமிடம் போயிருக்கும். அலைவரிசையில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நீளமான, தொண்டையை அறுக்கிற சத்தம். யாரோ மைக்கை அழுத்தியபடியே விட்டுவிட்டார்கள். ஒருவரின் மைக் அழுந்திக் கிடந்தால் மற்ற யாருடைய பேச்சும் சரியாகப் போகாது, அலைவரிசையே அடைத்துக்கொள்ளும். திரையில் பேசுகிறவரின் எண் பச்சையாக ஒளிரும். ஏழு மூணு ரெண்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"யாருப்பா அது, குறட்டையா?" என்றார் பல் டாக்டர் உள்பேச்சில்.

"லிஃப்ட்காரர் தூங்கிட்டார் போலிருக்கு" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவள் விதிப்படி கூப்பிட்டாள். "ஏழு மூணு ரெண்டு, கேக்குதா? உங்க மைக் அழுந்தியிருக்கு." எழுத்திலும் அனுப்பினாள். பதில் இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மற்ற விமானிகளுக்கு எழுத்தில் வழி சொல்லத் தொடங்கினாள், விரல்கள் பறந்தன. அவருடைய விமானம் தானியங்கியில் நேராக வந்து, ஓடுபாதைக்கு மேலே மூவாயிரம் அடியில் கடந்து, அப்பால் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை கூப்பிட்டாள். அப்போதுதான் அது அவள் வாயில் வந்தது. உள்பேச்சில், விமானப் பணிப்பெண்ணின் குழைந்த குரலில் சொன்னாள்: "கேப்டன், பயணிகள் எல்லாரும் தூங்குறாங்க. குறட்டையைக் கொஞ்சம் மெதுவா விடுறீங்களா?"

பல் டாக்டர் வெடித்துச் சிரித்தார். அவருடைய சிரிப்பு சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி இருக்கும். ஹெட்மாஸ்டர் சிரித்துச் சிரித்து இருமினார். "டவரம்மா ஜோக்கடிக்கிறாங்கப்பா! இதைக் குறிச்சு வெச்சுக்கணும்!" அவளும் சிரித்தாள். அவள் சொல்லி நாலு பேர் சிரித்ததாக அதற்கு முன் அவளுக்கு நினைவில்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டாள். நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லலாம்.

"துண்டிச்சிடவா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"துண்டிச்சிடுங்க சார். பதினோரு பேர் வானத்துல நிக்கிறாங்க."

திரையில் ஏழு மூணு ரெண்டு மறைந்தது. அலைவரிசை சுத்தமாகிவிட்டது. அவள் வரிசையாகப் பதினோரு பேரையும் இறக்கினாள். எல்லாம் முடிந்ததும் குழுவின் அரட்டைப் பலகையில் பாராட்டு மேல் பாராட்டு. குறட்டைக் கதைக்குத்தான் அதிகக் கைதட்டல்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களைக் கழுவும்போது அந்த ஜோக்கை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பல் டாக்டரின் சிரிப்பு கேட்டது. லிஃப்ட்காரர் வரட்டும், முகத்துக்கு நேராக ஒரு தடவை சொல்லிக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அரட்டைப் பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

பல் டாக்டர் முந்திக்கொண்டார். 'வாங்க தூங்குமூஞ்சி! தூக்கம் கலைஞ்சுதா?'

பதில் வந்தது.

'நான் இவரோட வீட்டுக்காரி. இவர் ஞாயிற்றுக்கிழமை இறந்துட்டார். மாரடைப்புன்னு சொல்றாங்க. அன்னைக்கு மதியம் உங்ககிட்டதான் பேசிட்டு இருந்தார். கடைசியா என்ன பேசினார்னு யாராவது சொல்ல முடியுமா?'

பல் டாக்டர் எழுதியது பலகையிலிருந்து காணாமல் போனது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

கூட்ட நாளில் நடக்கும் பேச்சு முழுவதையும், உள்பேச்சையும் சேர்த்து, ஹெட்மாஸ்டர் பதிவு செய்வார். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க உதவும். மூன்று ஐந்திலிருந்து மூன்று பதினேழு வரையிலான பகுதியை அவளுக்கு அனுப்பினார். அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை காத்திருந்து, ஹெட்போனை அவள் காதில் வைத்தாள்.

அக்கா அவசரப் பிரிவில் நர்ஸ். உட்கார்ந்து கால் ஆடுசதையைப் பிடித்துவிட்டபடியே கேட்டாள். பாதியில் கை நின்றது.

"எத்தனை வயசு இவருக்கு?"

"நாப்பத்தெட்டு."

"இது குறட்டை இல்லடி."

"எப்படிச் சொல்றே?"

"குறட்டைக்கு ஒரு சீர் இருக்கும். உள்ள போகும், வெளிய வரும். இதைக் கேளு. ஒண்ணு இழுக்குது. அப்புறம் ஒண்ணுமே இல்ல. மறுபடி ஒண்ணு. இதயம் நின்ன பிறகு சில பேருக்குக் கொஞ்ச நேரம் உடம்பு இப்படித்தான் மூச்சை இழுக்கும். வார்டுல கேட்டிருக்கேன்."

"அந்த நேரத்துல யாராவது பக்கத்துல இருந்து நெஞ்சை அழுத்தியிருந்தா?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சில பேர் திரும்பி வருவாங்க. நிறைய பேர் வர்றதில்ல."

"நூத்துக்கு எத்தனை பேர்?"

"உன் லேப் கணக்கை இங்க கொண்டு வராத."

"சொல்லுக்கா."

"தெரியாது. எனக்கு நிஜமாவே தெரியாது. உனக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. அவர் எங்க இருக்கார்னு தெரியுமா உனக்கு? வீடு தெரியுமா? போன் நம்பர்?"

"ஹெட்மாஸ்டர்கிட்ட இருக்கு. சேரும்போது எல்லாரும் குடுக்கணும்."

அக்கா மடியிலிருந்த ஹெட்போனை மேசையில் வைத்தாள். அத்தான் எட்டிப்பார்த்து ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் மதியம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் சரக் சரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவுக்கு அனுப்ப வெட்டி வெச்சிட்டேன்மா. எட்டு நிமிஷம். 'தண்ணி குடிச்சீங்களா'ன்னு கேக்கறார் பாரு, அங்க முடியுது. கேக்க நல்லா இருக்கு. அவங்களுக்கு அது போதும்."

"மீதி சார்?"

"மீதியை அழிச்சிடறேன். நீயும் அழிச்சிடு."

"அது குறட்டை இல்லன்னு எங்கக்கா சொல்றா."

மெஷின் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நேத்து ராத்திரி முழுக்கத் தோணிட்டே இருந்துச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாரும்மா, துண்டிக்கச் சொன்னது நீ. பொத்தானைத் தட்டினது நான். ரெண்டு பேரும் விதிப்படிதான் செஞ்சோம். புருஷனைப் பறிகொடுத்தவங்ககிட்டப் போய், நாங்க சிரிச்சிட்டு இருந்தோம்னு எதுக்குச் சொல்லணும்? அதுல அவங்களுக்கு என்ன வரப்போகுது?"

"நான் நேர்ல கொண்டுபோய்க் குடுக்கறேன் சார்" என்றாள்.

"எட்டு நிமிஷத்தையா?"

"விலாசம் குடுங்க."

சனிக்கிழமை ரயிலில் ஒரு மணி நேரம். போனில் இரண்டு பதிவும் இருந்தன. எட்டு நிமிடம் ஒன்று, பன்னிரண்டு நிமிடம் ஒன்று. எதைக் கொடுப்பது என்று ஒவ்வொரு நிலையத்திலும் முடிவு மாறிக்கொண்டே வந்தது. எட்டைக் கொடுத்தால் நல்ல பெண் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் சத்தமே இல்லாமல் ஏறியது.

கதவைத் திறந்தவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கண்கள் வீங்கியிருந்தன. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர் என்பது பிறகு தெரிந்தது.

"நீதான் டவரம்மாவா? சின்னப் பொண்ணா இருக்கியே! நான் யாரோ பெரியவங்கன்னு நினைச்சேன். உள்ள வாம்மா. வெயில்ல வந்திருக்கே, உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அறைக்குள் அறையாக ஒரு தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் லிஃப்ட்காரருடைய மேசை. லிஃப்ட் பொத்தான்கள் நாலு வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் தையல் மெஷினும், வெட்டி அடுக்கிய பள்ளிச் சீருடைத் துணியும். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

எட்டு நிமிடப் பதிவைப் போட்டாள். அம்மாள் முழங்கையை மேசையில் ஊன்றி, போனின் மேல் குனிந்து கேட்டார். ரேஷன் கடை என்று கணவர் சொன்ன இடத்தில் அம்மாளின் உதடு துடித்தது. 'தண்ணி குடிச்சீங்களா' வந்ததும் சிரித்தேவிட்டார்.

"எங்கிட்டயும் இதேதான். மணிக்கொரு தரம் கேப்பார். அவர் மட்டும் குடிக்க மாட்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கார். ஏதாவது வலி கிலின்னு சொன்னாரோ, யாரும் கவனிக்கலையோன்னு ஆறு நாளா மனசு அடிச்சுக்குது."

"சொல்லலைங்க."

"அதானே. நான் இங்கதான் இருந்தேன் தெரியுமா? இதே இடத்துல. மெஷின் கூட ஓடல, கையால பட்டன் வெச்சிட்டிருந்தேன். உங்க பேச்செல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுட்டே இருந்துச்சு. நடுவுல ஒரே கரகரப்பு. அதுக்குள்ள நீ அவரைக் கூப்பிடறே. உன் குரல் எனக்கு நல்லா அடையாளம் தெரியும்மா. ஏழு மூணு ரெண்டு, ஏழு மூணு ரெண்டுன்னு. இவர் என்ன பதில் சொல்லாம உக்காந்திருக்கார்னு நினைச்சேன். மூணு தடவை கூப்பிட்டே. இன்னொரு தடவை கூப்பிட்டா எழுந்துபோய்ப் பாக்கலாம்னு ஊசியைக் கூடக் குத்தி வெச்சேன். அதுக்குள்ள எல்லாச் சத்தமும் பட்டுனு நின்னுடுச்சு. சரி, இறங்கிட்டார், ஆட்டம் முடிஞ்சுது, அப்படியே சாஞ்சு தூங்கட்டும்னு விட்டுட்டேன். அஞ்சு மணிக்கு டீ எடுத்துட்டுப் போறேன்…"

தெருவில் ஏதோ வண்டி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது.

அவள் கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசுவதற்குப் புத்தகத்தில் வாக்கியம் இல்லாத இடம்.

"அவர் இறங்கலைங்க" என்றாள்.

"என்னது?"

"சத்தம் தானா நிக்கல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அம்மாள் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். மைக் அழுந்தியிருந்தது, அலைவரிசை அடைத்துக்கொண்டது, பதினோரு பேர் காத்திருந்தார்கள், மூன்று முறை கூப்பிட்டால் போதும் என்பது விதி. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சின்னதாகிக்கொண்டே போனது. பதினோரு விமானங்களில் ஒருவர் கூட இல்லை. அவை விழுந்தாலும் யாருக்கும் ஒரு கீறல் விழாது.

"அந்தக் கரகரப்புக்கு நடுவுல எங்களுக்குக் கேட்டது அவர் மூச்சுங்க. நாங்க குறட்டைன்னு நினைச்சோம்."

"மூச்சா?"

"நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. பதிவுல இருக்கு. நான் உங்களுக்குப் போட்டது வெட்டினது. நாங்க… நான் ஒரு ஜோக் சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அதுவும் அதுல இருக்கு."

அம்மாள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். சுருட்டினார். பாதியில் விட்டுவிட்டார்.

"போடுங்க" என்றார்.

வாம்மா, உட்காரு என்றவர் இப்போது போடுங்க என்றது அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு நிமிடப் பதிவை எட்டாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள்.

முதல் இழுப்பு வந்ததுமே அம்மாளின் கை நெஞ்சுக்குப் போனது. அடுத்ததற்குள் எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே முழுவதையும் கேட்டார். பணிப்பெண் குரலில் அந்த ஜோக் வந்தது. காற்றடிக்கிற சிரிப்பு வந்தது. அதற்கு அடியில், சிரிப்பின் நடுவே, மூச்சு ஒரு தடவை இழுத்தது. கடைசி இழுப்புகளுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. துண்டிச்சிடுங்க சார் என்று அவள் குரல் சொன்னது.

"இருபத்திரண்டு வருஷம் அவர் பக்கத்துல படுத்திருக்கேன்" என்றார் அம்மாள். குரல் உயரவில்லை. "அவர் குறட்டை எனக்குத் தெரியாதா? இதை ஒரு தடவை கேட்டிருந்தாப் போதும். ஒரே தடவை. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கு. இந்தப் பக்கம் ஸ்பீக்கர் கரகரப்புதான் கேட்டுச்சு. உங்க எல்லாருக்கும் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல."

"மன்னிச்சுக்குங்க."

"தெரியாமதானே செஞ்சீங்க."

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க? சொல்லாமலே போயிருக்கலாமே. நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார்னு நான் இருந்திருப்பேன். உங்களுக்கு இப்பப் பாரம் எறங்கியிருக்கும். எனக்கு?"

ரயிலில் வந்த ஒரு மணி நேரமும் அவள் யோசித்தது தன் பக்கத்தை மட்டும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தனக்கும் இறங்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்வது இன்னும் அசிங்கம் என்று விழுங்கிக்கொண்டாள்.

அம்மாள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாற்காலி கிறீச்சிட்டது. போவதா இருப்பதா என்று தெரியாமல் அவள் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துட முடியுமா?" பலகைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"முடியாதுங்க. எல்லாம் ஒண்ணாப் பதிவாகியிருக்கு. சிரிப்பை எடுத்தா அந்த இடத்துல மூச்சும் போயிடும்."

"எத்தனை மூச்சு போகும்?"

அவள் போனைப் பார்த்தாள். அது அவளுக்கு மனப்பாடம். "மூணு."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. அம்மாள் இந்தப் பக்கம் வந்து தன் போனை நீட்டினார்.

"வேண்டாம். ஒண்ணும் எடுக்க வேண்டாம். இருக்கிறபடியே இதுல போட்டுடுங்க."

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பதிவு மெதுவாகப் போனது. இருவரும் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க ஆரம்பிக்குது?"

"எட்டு நிமிஷம், ரெண்டு செகண்டுல."

அம்மாள் துணிக்குக் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்து, வெட்டுப் பலகையின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதினார். எழுதியது சரியா என்று அவளிடம் காட்டினார். அவள் தலையாட்டினாள். அம்மாள் போனை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார்.

அவள் சாத்திவிட்டு, படியிறங்கிப் போனாள்.